காதில் ‘கொய்ங்’ இரைச்சல்: உப்பைக் குறைத்தால் நிற்குமா?

கேள்வி: வயது 52. அம்பத்தூரில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் 20 வருஷத்துக்கு மேலாக வேலை. ஓராண்டாக இரண்டு காதிலும் ‘கொய்ங்’ என்று இரைச்சல், தூக்கமே இல்லை. மூளை நரம்பில் குளோரைடு கூடினால் இப்படி வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் நார்மல். உப்பிலும் குளோரைடு இருக்கிறதே, அதைக் குறைக்கவா டாக்டர்? ‘காபா’ மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: இரைச்சலுக்காக உப்பைக் குறைக்க வேண்டாம். தலைசுற்றலோடு வரும் மெனியர்ஸ் நோய்க்குத்தான் அப்படிச் சொல்வோம். காபா மாத்திரையும் வேண்டாம்.

வீடியோவில் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் குளோரைடு நரம்பு செல்லுக்குள் இருப்பது. ரத்தப் பரிசோதனையில் தெரியாது. ஒலியை மூளைக்குக் கடத்தும் செல்களை அடக்கி வைப்பவை காபா, கிளைசின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள். இவை பட்டதும் செல்லில் குளோரைடு வாசல் திறக்கும். உள்ளே குளோரைடு குறைவாக இருந்தால்தான் வெளியிலிருந்து பாய்ந்து வந்து செல்லை அடக்கும். அப்படிக் குறைவாக வைத்திருப்பது கேசிசி2 என்ற புரதம். மழைக்கு வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை மோட்டார் போட்டு இறைப்பதுபோல, குளோரைடை ஓயாமல் வெளியே தள்ளுகிறது.

காது கேட்கத் தொடங்காத எலிக்குட்டிகளில் இந்தப் புரதம் இன்னும் சரியாக வேலை செய்வதில்லை. உள்ளே குளோரைடு அதிகம். அதனால் அடக்க வேண்டிய கிளைசினே செல்லைத் தூண்டிவிடும், கால்சியமும் உள்ளே ஏறும். வளரும் மூளைக்கு அது தேவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு எப்போதும் வியப்பூட்டும் விஷயம் இது: ஒரே வேதிப்பொருள், செல்லின் உள்நிலையைப் பொறுத்து நேரெதிராக வேலை செய்கிறது.

செவித்திறன் இழந்த ஜெர்பில் எலிகளில், நடுமூளையில் ஒலியைக் கையாளும் பகுதியில் குளோரைடை வெளியேற்றும் திறன் குறைந்து, அடக்கும் சக்தியும் தளர்ந்தது. உங்களுக்கும் பல வருஷச் சத்தத்தில் உள்காது செல்கள் பழுதாகி, காதிலிருந்து மூளைக்கு வரும் தகவல் குறைந்ததால் மூளை மிகையாகத் துடிக்கிறது என்றே சந்தேகிக்கிறேன். ஆனால் குளோரைடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

வாயால் சாப்பிடும் காபா மூளைக்குள் போவது மிகச் சொற்பம். அல்பிரஸோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் காபாவின் வேலையைக் கூட்டும், ஆனால் பழக்கமாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் தயவுசெய்து வாங்காதீர்கள்.

முதலில் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுங்கள். சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே பார்க்கலாம். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது மெஷின் இரைச்சலையும் தணிக்கலாம். இரவில் ஃபேன் சத்தமோ மெல்லிய பாட்டோ ஓடட்டும். தூக்கமின்மைக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை நல்ல பலன் தரும். பிரஸ் ஓடும்போது காதடைப்பான் இல்லாமல் நிற்கவே நிற்காதீர்கள். இருக்கும் செவித்திறனையாவது காப்பாற்ற வேண்டும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.