ரிவால்வ் கேள்வி பதில்: பாதியை வரைங்க, முழு டயாவைப் போடுங்க

கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடையுற பட்டறையில் பத்து வருஷம் லேத்தில் நின்னவன் நான். அப்புறம்தான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தேன். இன்னைக்கு சாயங்காலம் லேத் ஜாப்களை (கடையுற பொருளை) ரிவால்வ் பண்ணி, அதாவது கம்ப்யூட்டரில் ஒரே ஸ்கெட்ச்சா (கோட்டுப்படமா) வரைஞ்சு, சென்டர்லைனை அச்சா வச்சுச் சுத்தி, 3டி மாடல் செய்யறது பத்தி மட்டும் கேளுங்க. எந்த லேப்டாப் வாங்கலாம்னு கேட்டா பதில் வராது.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர்): சார், ஷாஃப்ட்டை மேல்பாதி கீழ்பாதி ரெண்டும் வரைஞ்சு நடுவில் சென்டர்லைன் போட்டேன். சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேரில் ரிவால்வ் ஆக மாட்டேங்குது.

ஆகாது தம்பி. லேத்தில் டூல் ஒரு பக்கம்தான் நிக்குது, ஜாப்தான் சுத்துது. அதே மாதிரி பாதியை மட்டும் வரைங்க. கோடு அச்சைத் தாண்டினா, சுத்தும்போது உருவம் தன் மேலேயே ஏறும். கெட்டியான ஷாஃப்ட்டுன்னா அச்சு மேலேயே ஒரு கோடு போட்டு மூடணும். ஓட்டை உள்ள புஷ்ஷுன்னா (குழாய் மாதிரி துண்டு) எந்தக் கோடும் அச்சைத் தொடக்கூடாது. ஒரே ஒரு புள்ளி மட்டும் அச்சைத் தொடுற மாதிரி வரைஞ்சாலும் எரர்தான். உடுக்கையோட இடுப்பை இறுக்கி இறுக்கி ஒண்ணுமில்லாம ஆக்கினா எப்படி நிக்கும்? அந்த இடத்தில் பொருளே கிடையாது.

கேள்வி (மில் மெயின்டனன்ஸ்): அண்ணா, டிராயிங்கில் டயா (விட்டம்) 40னு இருக்கு. ஸ்கெட்ச்சில் ஒவ்வொரு தடவையும் 20னு பாதியாக்கிப் போடறேன். சரிதானே?

சரிதான், ஆனா என்னைக்காவது ஒருநாள் மாட்டுவீங்க. வெர்னியர் காட்டறது டயா. சிஎன்சி லேத்தில் எக்ஸ் அச்சுக்குக் கொடுக்கறதும் பெரும்பாலும் டயாதான். ஸ்கெட்ச்சில் மட்டும் ஏன் ஆரம்? சாலிட்வொர்க்ஸில் கோட்டையும் சென்டர்லைனையும் தொட்டு, க்ளிக் பண்றதுக்கு முன்னாடி கர்சரை சென்டர்லைனுக்கு அந்தப் பக்கம் கொண்டு போங்க. அளவு தானா இரட்டிப்பாகி டயாவா மாறும். இன்வென்டர் சாஃப்ட்வேரில் கோட்டை சென்டர்லைன் வகைக்கு மாத்திட்டு அதிலிருந்து அளவு எடுத்தா போதும். ஃப்ரீகேட் சாஃப்ட்வேரில் எதிர்ப்பக்கம் ஒரு கன்ஸ்ட்ரக்ஷன் கோடு (உருவத்தில் சேராத துணைக்கோடு) போட்டு, அச்சுக்கு ரெண்டு பக்கமும் சமமா கட்டிட்டு, குறுக்கே அளந்துடலாம்.

எப்படி மாட்டுவீங்கன்னு சொல்றேன். வெளி டயா 40 மில்லி, உள் டயா 25, நீளம் 30னு ஒரு ஸ்டீல் புஷ். அவசரத்தில் ரெண்டையும் ஆரமா அடிச்சுட்டேன். திரையில் ஜூம் பண்ணிப் பார்க்கும்போது 40ம் 80ம் ஒரே மாதிரிதானே தெரியும்! மெட்டீரியல் கேட்டு ஸ்டோர்ஸுக்குப் போனப்பதான், "80 டயா கம்பி எதுக்குங்க?"ன்னு அங்கே இருந்தவர் கேட்டார். அன்னையிலிருந்து மாடல் முடிஞ்சதும் முதல் வேலை எடை பார்க்கறது. இந்த புஷ் சுமார் 180 கிராம் வரணும். டயாவும் ஆரமும் மாறிப்போனா நாலு மடங்கு, 721 கிராம். எடை பாருங்க. மெட்டீரியல் ஸ்டீல்னு கொடுத்துட்டு எடை பாருங்க.

கேள்வி (டிசைன் டிரெய்னி): 1:10 டேப்பருக்கு (10 மில்லி நீளத்துக்கு டயா 1 மில்லி குறையற சரிவு) 5.72 டிகிரி போட்டேன். கம்பெனியில் தப்புங்கறாங்க.

தப்புதாங்க. 5.72 முழுக் கோணம். நீங்க வரையறது பாதி, அச்சிலிருந்து 2.86. லேத்தில் டூலைத் தாங்கற காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பறதும் அந்த 2.86க்குத்தான். பேசாம கோணத்தையே விட்டுடுங்க. ரெண்டு முனை டயாவையும் நீளத்தையும் போடுங்க, கோணம் தானா வரும்.

கேள்வி: ரிவால்வ் எரர் வருது சார், முழு ஷாஃப்ட்டும் வரைஞ்சிருக்கேன்.

முதல் பதிலைப் பாருங்க.

கேள்வி: போல்ட்டுக்கு வி வடிவத்தில் பல் வரைஞ்சு, வரிசையா காப்பி எடுத்து ரிவால்வ் பண்ணிட்டேன். மரை சூப்பரா வந்திருக்கு!

அது மரை இல்லீங்க, வளையல் அடுக்கு. மரைன்னா ஒரே பள்ளம் சுருள் சுருளா ஏறணும். உங்களது தனித்தனி வளையம், நட்டு ஒரு சுத்துகூட ஏறாது. டிராயிங்குக்குக் காஸ்மெட்டிக் த்ரெட் (மரைன்னு காட்டற அடையாளம் மட்டும்) போதும். 3டி பிரிண்ட் எடுக்கணும்னா மட்டும் ஹெலிக்ஸ், அதாவது நிஜமான சுருள்.

கேள்வி (சிஎன்சி புரோகிராமர்): நீங்க சொல்ற ஒரே ஸ்கெட்ச் முறையை நான் ஒத்துக்க மாட்டேன். 50 டயா கம்பியை எக்ஸ்ட்ரூட் பண்ணி (வட்டத்தை நீளமா இழுத்து), ஒவ்வொரு ஸ்டெப்பா ரிவால்வ் கட் (சுத்தி வெட்டறது) எடுப்பேன். மெஷின்ல நடக்கற வரிசை அப்படியே இருக்கும்.

வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன். சிலிண்டர் மேல சிலிண்டரா கேக் மாதிரி அடுக்கறது ஒரு வழி. குயவர் சக்கரம் மாதிரி ஒரே சுத்தில் எடுக்கறது ரெண்டாவது. உங்களது மூணாவது. ஆனா எந்த மெஷின் வரிசை? உங்க மெஷின்ல ஒரு வரிசை, பக்கத்து பட்டறையில் ஜாப்பைத் திருப்பிப் பிடிச்சா வேற வரிசை. டிராயிங் முடிஞ்ச ஜாப்பைச் சொன்னா போதும். ஷாஃப்ட்டில் 6205 நம்பர் பேரிங்கை எடுத்துட்டு 6206 போடச் சொன்னா, எனக்கு ஒரே ஸ்கெட்ச்சில் ரெண்டு அளவு: டயா 25ஐ 30 ஆக்கணும், அகலம் 15ஐ 16 ஆக்கணும். தோள் (பேரிங் முட்டி நிக்கற படி) டயா பத்தாட்டி இன்னொண்ணு. நீங்க எத்தனை ரிவால்வ் கட் ஃபீச்சரைத் திறக்கணும்?

புரோகிராமர்: உங்க ஸ்கெட்ச்சில் நாப்பது அளவு இருக்கும். ஒண்ணைத் தொட்டா மொத்தமும் கவுந்துடும். பார்த்திருக்கேன்.

அது உண்மை, நானும் கவுத்திருக்கேன். அதனாலதான் சேம்ஃபர் (சரிவா வெட்டின முனை), ஃபில்லட் (வளைவான மூலை) எதையும் ஸ்கெட்ச்சில் வரையறதில்லை, கடைசியில் தனியா போடுவேன். சர்க்ளிப் (பிடிப்பு வளையம்) பள்ளமும் தனி கட். 25 டயாவுக்கு 23.9 டயா, 1.3 அகலம், அவ்வளவுதான். வேண்டாம்னா அணைச்சுடலாம். நீள அளவெல்லாம் ஒரே முகத்திலிருந்து எடுக்கணும், சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்தா கவுறத்தான் செய்யும்.

இன்னொருவர்: பேரிங் தோள் ஃபில்லட்டையாவது ஸ்கெட்ச்சில் வைக்கணும். அது அழகுக்கு இல்லை.

அழகுக்கு இல்லைங்கறது சரி. 6205ல் பேரிங் மூலை ஆரம் குறைஞ்சது 1 மில்லி. ஷாஃப்ட் ஃபில்லட் அதைவிடச் சின்னதா இல்லாட்டி பேரிங் தோள்ல உட்காராம மூலையில் தொங்கும். நான் 0.6 போட்டு அந்த ஃபீச்சருக்கு "பேரிங் தோள்"னு பேர் வச்சுடுவேன், யாரும் தெரியாம அழிக்க மாட்டாங்க. நீங்க ஸ்கெட்ச்சிலேயே வச்சுக்கறீங்களா, வச்சுக்கோங்க.

புரோகிராமர்: அப்ப என் முறையும் தப்பில்லைன்னு சொல்லுங்க.

சொல்ல மாட்டேன். அடுத்தது.

கேள்வி: கீவேயையும் (சாவி உட்கார்ற நீளப் பள்ளம்) ரிவால்விலேயே எடுக்கலாமா?

முடியாது. அது சுத்தி வர்ற பள்ளம் இல்லையே. தனி கட்.

கேள்வி: முழு ஷாஃப்ட் வரைஞ்சா ரிவால்வ் ஏன் வரலை?

பாதி. பாதி. பாதி.

கேள்வி: 16 ஜிபி ராம் போதுமா அண்ணா?

முதல் பத்தியின் கடைசி வரி.

கேள்வி (மில் மெயின்டனன்ஸ்): அண்ணா, நீங்க சொன்ன புஷ்ஷை இப்பத்தான் போட்டுப் பார்த்தேன். ஸ்டீல் கொடுத்தாச்சு. 721 வருது.

உங்க 40 எங்கிருந்து எங்கே அளக்குதுன்னு பாருங்க. கர்சர் சென்டர்லைனைத் தாண்டலை.