வலி நின்றுவிட்டது, இனி வேர் சிகிச்சை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 47. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் தாங்க முடியாத வலி. சூடாக எதைக் குடித்தாலும் உயிர் போனது. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டதும் வலி அடியோடு போய்விட்டது. ஆனால் பல் மருத்துவர் வேர் சிகிச்சை செய்து, மேலே கேப் போட வேண்டும் என்கிறார். வலிதான் இல்லையே என்கிறார் மனைவி. பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்கிறார் அண்ணன். மேல் வரிசையில் இன்னொரு பல்லும் சொத்தையாம். அதைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். சிறிய சொத்தை குளிர்ச்சிக்குக் கூசும். தண்ணீரைத் துப்பியதும் கூச்சமும் போய்விடும். அந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்தால் போதும். உங்களுக்கு நேர்ந்தது வேறு. சூட்டுக்கு வலி கிளம்பி, குளிர்ச்சிக்கு அடங்குகிறது என்றால், பல்லின் நடுவில் இருக்கும் கூழ், அதாவது நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட மெல்லிய பகுதி, பெரும்பாலும் திரும்ப முடியாத அளவுக்குக் கெட்டிருக்கும். விரலில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது. கெட்டியான சுவர்களுக்குள் அடைபட்ட கூழ் எங்கே போய் வீங்கும்? அழுத்தம் முழுவதும் நரம்பின் தலையில் விழுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடி வலி இன்னும் ஏறும். பல்வலிக்காரர்கள் இரவை உட்கார்ந்தே கழிப்பது அதனால்தான்.

அப்படியானால் வலி ஏன் நின்றது? மாத்திரை குணமாக்கியதால் அல்ல. வலியை உணர்த்திக்கொண்டிருந்த நரம்பு செத்துப்போயிருக்க வேண்டும். விறகு தீர்ந்து அணைந்த அடுப்பு அது. செத்த கூழில் கிருமிகள் நிம்மதியாகப் பெருகும். அங்கே ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு நீங்கள் விழுங்கிய மாத்திரையும் போகாது. கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி, அங்கே எலும்பை மெல்ல அரிக்கும். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் தெரியும். உங்கள் மருத்துவர் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் அவர் பல்லைத் தட்டிப் பார்த்திருப்பார். பக்கத்துப் பல்லில் இல்லாத ஒரு வலி அந்தப் பல்லில் மட்டும் 'சுருக்' என்றதா? அதுவும் ஒரு சாட்சி. ஆகவே உங்கள் மனைவியின் வாதம் செல்லாது.

மருந்துக் கடை மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஒவ்வொரு வலிக்கும் ஐந்து நாள் மாத்திரை என்று வாங்கித் தின்றால், உண்மையில் தேவைப்படும் நாளில் அது கைவிட்டுவிடும். கிராம்பு எண்ணெயும் அப்படித்தான் அளவு மீறப்படுகிறது. பஞ்சில் ஒரு துளி தொட்டு ஓட்டைக்குள் வைத்தால் சற்று மரக்கும். முழுக் கிராம்பைக் கடித்து இரவெல்லாம் அடக்கிக்கொண்டு, ஈறு வெந்து வெள்ளையாக உரிந்த நிலையில் வருபவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி வேர் சிகிச்சை. 'ரூட் கெனால்' என்றதும் ஊரே நடுங்குகிறது. மரத்துப்போக ஊசி போட்டபின், பல்லின் மேற்புறத்தில் ஒரு சிறு வாசல் திறப்பார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள். அவற்றுக்குள் தலைமுடியைப் போல மெல்லிய மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. அந்த நான்காவது கண்ணில் படாமல் போவதுதான் சிகிச்சை தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஊசி போன்ற அரங்களை விட்டு, செத்த கூழை வழித்தெடுக்கிறார்கள். அரம் வேர் நுனியை நெருங்கும்போது பக்கத்தில் இருக்கும் சிறு மின்கருவி 'பீப் பீப்' என்று வேகமாகக் கத்தும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அளவெடுக்கிறது. நடுநடுவே துணி வெளுக்கும் மருந்தின் வாசனை வரும். அது அதே வகை மருந்துதான், சோடியம் ஹைப்போகுளோரைட். அது தொண்டைக்குப் போகாமலும் எச்சில் பல்லுக்குள் போகாமலும் இருக்க, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரையை மாட்டுவார்கள். மாட்டும் மருத்துவரைக் கண்டால் எனக்கு மரியாதை கூடுகிறது. நீங்கள் கேட்டு மாட்டச் சொல்வதிலும் தவறில்லை.

சுத்தமான குழாய்களைக் கடைசியில் குட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைப்பார்கள். மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால் அது. 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது, இப்போது நம் பல்லுக்குள் ஓய்வெடுக்கிறது.

முடிந்தபின் இரண்டு மூன்று நாள் மெல்லும்போது வலி இருக்கலாம். அதற்கு வலி மாத்திரை போதும்.

நோயாளிகள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்தது. வலி இல்லை, ஓட்டை அடைத்தாகிவிட்டது, கேப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். சொத்தை தின்றதும் மருத்துவர் குடைந்ததும் போக, அந்தப் பல்லில் மிஞ்சியிருப்பது சுற்றுச்சுவர் மட்டும். கடைவாய்ப்பல் தாங்கும் சுமையோ பெரிது. ஆறு மாதம் கழித்து ஒரு முறுக்கைக் கடிக்கும்போது பல் நடுவில் இரண்டாகப் பிளந்தால், வேர்வரை பிளந்த பல்லைக் காப்பாற்ற வழியே இல்லை. வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் போச்சு. கேப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

எந்தக் கேப்? விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பது ஜிர்கோனியா, அதாவது பல் நிறத்திலேயே இருக்கும் பீங்கான் வகை. சிரித்தால் தெரியும் பல்லுக்கு அதற்கு நியாயம் உண்டு. உங்களுடையது பின்வரிசை, என் சொந்த வாயாக இருந்தால் முழு உலோகக் கேப்பே போதும் என்பேன். பல்லையும் குறைவாகத்தான் செதுக்க வேண்டியிருக்கும், உடையவும் உடையாது.

அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈறுக்கு மேலே பல் ஏதும் மிஞ்சவில்லை, வேர் பிளந்திருக்கிறது, அல்லது ஈறு நோயால் பல் ஆடுகிறது என்றால் பிடுங்குவதே சரி. ஞானப்பல் என்றாலும் பெரும்பாலும் நான் அதையே சொல்வேன். ஆனால் மெல்லும் பல்லைப் பிடுங்கினால் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. பின்னால் இருக்கும் பல் அந்த இடத்தில் சாயும், மேல் பல் கீழே இறங்கும். இடத்தை நிரப்பக் கழற்றி மாட்டும் பல்செட், அல்லது இரு பக்கத்து நல்ல பற்களையும் செதுக்கிக் கட்டும் பாலம், அல்லது எலும்பில் டைட்டேனியம் திருகைப் பொருத்தி, அது பிடிக்கச் சில மாதம் காத்திருந்து போடும் இம்பிளான்ட். பல்செட்டைத் தவிர மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்ந்ததைவிடச் செலவு கூடும். பணம்தான் தடை என்றால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள்; நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பல்லுக்கு உணர்ச்சி தருவது மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பு. பார்வைக்கு உரியது இரண்டாவது. இரண்டும் வெவ்வேறு கம்பிகள். பல்லைப் பிடுங்குவதால் பார்வை நரம்பு அறுந்துபோகாது. உண்மையில் மேல் பல்லில் சீழ் கட்டி அப்படியே விட்டால்தான் வீக்கம் கன்னத்தில் ஏறிக் கண்ணை மூடவைக்கும். அந்த மேல் பல் சிறு சொத்தைதான் என்றால் அடைத்தாலே தீர்ந்துவிடும், பிடுங்கும் பேச்சே வராது.

சர்க்கரை இருப்பதால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தள்ளிப்போட்டால்தான் உள்ளே இருக்கும் கிருமித்தொற்று சர்க்கரையை ஏற்றிவிடும். மூன்று மாதச் சராசரி அளவை எடுத்து, அந்தத் தாளோடு போங்கள். காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான பலகாரத்தையும் மாத்திரையையும் சாப்பிட்டுவிட்டே போங்கள். ஊசி போடுவார்கள் என்று வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுபவர்கள் அநேகம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எதுவும் எடுத்தால் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும்போது தாடைக்குக் கீழே வீங்கி, எச்சில் விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமமாக இருந்தால், இரவு இரண்டு மணி என்றாலும் பல் மருத்துவரைத் தேடாமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்த வீக்கம் மூச்சுக் குழாயை அடைக்கக் கூடியது.