பதில்: பீரோவில் தேங்கிய குவில்ட்டுகள்

கடலூரில் ஆறு குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை) பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்து பூஞ்சை வாடை அடிக்கிறது, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கவரை எடுத்துவிடுங்கள். கடற்காற்றின் ஈரத்தை அதுதான் உள்ளே பூட்டிவைக்கிறது. நிழலில், கட்டிலில் விரித்துக் காற்றாட உலர்த்தி, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் அதே வரியில் இழை நைந்துவிடும்.

சிறியதைச் சுவரில் மாட்டலாம். பின்பக்க மேல்விளிம்பில் 4 அங்குலத் துணிக்குழாய் ஒன்றை, ஊசி முன்பக்கம் வராமல் கையால் தைத்து, மரச்சட்டம் செருகுங்கள். நேராக ஆணியில் மாட்டினால் மூலை தொய்ந்துபோகும். வெயில் படும் சுவர் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

கைக்குழந்தைக்குப் பரிசாகத் தந்தால், ஒரு வயதுவரை தூங்கும்போது போர்த்தாமல், விழித்திருக்கும்போது தரையில் விரிக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைப் படுக்கையிலேயே போடுங்கள். ஏசி அறைக்குக் கம்பளியைவிட இது தேவலை.