வயசானவங்களுக்கு இடுப்பு முறிஞ்சா: கேள்விகளும் என் பதில்களும்

ஆர்த்தோ வார்டுல பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். கேட்டிருந்த கேள்விக்கெல்லாம் தெரிஞ்சத சொல்றேன், மருந்து மாத்திரை விஷயம் மட்டும் உங்க டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

கே: அக்கா, அம்மாவுக்கு 78 வயசு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தொடை எலும்போட கழுத்து முறிஞ்சிருச்சு. இந்த வயசுல ஆபரேஷன் தாங்காது, புத்தூர் கட்டு போட்டு படுக்க வெச்சிருங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. என்ன செய்ய?

ஆபரேஷனுக்கு சம்மதம் குடுங்கம்மா. மணிக்கட்டு முறிஞ்சு கட்டு போட்டே சேந்தவங்க நெறைய பேர் இருக்காங்க, நான் இல்லங்கல. ஆனா இது வேற எடம், இடுப்பு முறிஞ்சதுன்னு நாம சொல்றது தொடை எலும்போட இந்த மேல்பகுதியத்தான். தொடை எலும்போட தலைக்கு, அதாவது இடுப்பு மூட்டுக்குள்ள இருக்கற பந்துக்கு, ரத்தம் முக்கியமா அந்த கழுத்து வழியாத்தான் போகுது, அது ஒடஞ்சு வெலகிட்டா ரத்த ஓட்டம் போயிரும், வெளிய எவ்வளவு இறுக்கி கட்டினாலும் உள்ள ஒண்ணும் பிடிக்காது. அதனாலதான் இந்த வயசுல அந்த தலையவே எடுத்துட்டு பைபோலார் மாதிரி செயற்கை மூட்டு வைக்கிறாங்க. கழுத்துக்கு கீழ முறிஞ்சிருந்தா ரத்தம் நல்லா இருக்கற எடம், சேரும், உள்ள கம்பி போட்டு நிறுத்துவாங்க. அதையும் கட்டு போட்டே சேக்கணும்னா மாசக்கணக்கா படுத்தே கெடக்கணும், அந்தப் படுக்கைதான் ஆள சாய்க்குது. நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வரும், கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்கு ஏறும், முதுகுல படுக்கைப்புண், யூரின் இன்ஃபெக்‌ஷன், சாப்பாடும் எறங்காது. இடுப்பு முறிஞ்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தராவது ஒரு வருஷத்துக்குள்ள போயிடுறாங்கன்னு பல நாட்டு கணக்கு சொல்லுது. முதுகுல ஊசி போட்டு மரக்க வெச்சே ஆபரேஷன் பண்ண முடியும், முழு மயக்கம்தான்னு பயப்படாதீங்க.

கே: எவ்வளவு சீக்கிரம் பண்ணணும்?

அன்னிக்கோ மறுநாளோ, தள்ளினாலும் 48 மணி நேரத்துக்குள்ள. 2020ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 17 நாட்டுல கிட்டத்தட்ட 3,000 பேரு, அதுல பாதி பேருக்கு முறிவுன்னு கண்டுபிடிச்ச 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ண முயற்சி பண்ணிப் பாத்தாங்க. அதனால சாவு கொறையல, ஆனா புத்தி தடுமாறுறது கொறஞ்சுது, சீக்கிரம் எழுந்து நின்னாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, இதயம் ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கு கொஞ்சம் தள்ளிப்போடுறதுல நியாயம் இருக்கு. சுகர் கொஞ்சம் ஏறியிருக்குன்னு ஒரு வாரம் காத்திருக்கறதுல இல்ல.

கே: எக்ஸ்ரே நார்மல்னுட்டாங்க, பாட்டியால கால ஊனவே முடியல.

திரும்ப கூட்டிட்டு போங்க. லேசான விரிசல் எக்ஸ்ரேல தெரியாமப் போகும், எம்.ஆர்.ஐ இல்லன்னா சி.டி எடுக்கச் சொல்லி கேளுங்க.

கே: ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா ராத்திரியெல்லாம் புலம்புறார், செத்துப்போன பெரியப்பாவ கூப்பிடுறார். புத்தி பேதலிச்சிருச்சா?

இல்லப்பா, இதுக்கு டெலிரியம்னு பேரு, ரொம்ப சகஜம், பெரும்பாலும் சரியாகும். கண்ணாடி, காதுமிஷின எடுத்து மாட்டி விடுங்க, பகல்ல ஜன்னல தெறந்து வைங்க, தெரிஞ்ச மொகம் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். வலி, மலச்சிக்கல், யூரின் கட்டிக்கிறது, இன்ஃபெக்‌ஷன் எதாவது இருக்கான்னு நர்ஸ்ட்ட பாக்கச் சொல்லுங்க. தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்கிக் குடுத்துராதீங்க, இன்னும் மோசமாகும்.

கே: எப்போ நடக்க வைக்கலாம்?

டாக்டர் சரின்னா மறுநாளே, வாக்கரோட. அம்மாவ தொந்தரவு பண்ணாதீங்கன்னு என்கிட்ட சண்டைக்கு வர்ற பிள்ளைங்க உண்டு, பாசம் புரியுது, ஆனா எழுப்பாம விடுறதுதான் அவங்களுக்கு கெடுதல். வெறும் கஞ்சியா ஊத்தாம முட்டை, பருப்பு, மீனுன்னு குடுங்க, சதை கரைஞ்சிரும் இல்லன்னா.

கே: எங்க அத்தை நல்லாத்தான் இருந்தாங்க, லேசா விழுந்ததுக்கே எப்படி முறிஞ்சுது?

எலும்பு மெலியுறது வெளிய தெரியாதே. மாதவிடாய் நின்ன பொம்பளைங்க, ஒல்லியா இருக்கறவங்க, வீசிங்குக்கு முட்டிவலிக்குன்னு ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவங்க, அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிஞ்சிருந்தவங்க, முன்னாடியே லேசா விழுந்து மணிக்கட்டு முறிஞ்சவங்க, இவங்கெல்லாம் கவனமா இருக்கணும். அது ஒரு பாதி. இன்னொரு பாதி விழறது: ராத்திரி யூரினுக்கு அவசரமா எழுந்திரிக்கறது, பிரஷர் மாத்திரைல தலை சுத்தறது, சுகர் எறங்குறது, கண்புரை, தூக்க மாத்திரை, தடுக்குற புடவைக் கொசுவம், ஈர பாத்ரூம். கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு லைட்டு, சுவத்துல ஒரு கைப்பிடி, இத முதல்ல பண்ணுங்க.

கே: இன்னொரு பக்கமும் முறியுமா? கால்சியம் மாத்திரை போதுமா?

முறியலாம், கால்சியம் மட்டும் போதாது. வருஷத்துக்கு ஒருதடவை டிரிப்ஸ்ல போடுற ஜொலெட்ரோனிக் ஆசிட்னு எலும்பு மெலிவுக்கான மருந்து இருக்கு, இடுப்பு முறிஞ்சவங்களுக்கு குடுத்துப் பாத்த 2007 ஆய்வுல திரும்ப முறியுறதும் கொறஞ்சுது, சாவும் கொறஞ்சுது. கிட்னி டெஸ்ட், விட்டமின் டி பாத்துட்டுதான் போடுவாங்க, பல்லு பிடுங்க வேண்டியிருந்தா முன்னாடியே சொல்லிருங்க. இதே எலும்பு மெலிவுக்கு வாரம் ஒரு மாத்திரையும் உண்டு, வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட முழுங்கிட்டு அரைமணி நேரம் படுக்கக்கூடாது, அதுக்குள்ள காப்பியும் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டுல எலும்பு மெலிவுக்கு மருந்து எழுதலன்னா கெளம்புறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.