கொழும்பு–கண்டி வீதி எப்போது, எதற்காக அமைக்கப்பட்டது? அதன் வழித்தடம் எது?

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபோது, கரையோரத்திலிருந்து மலைநாட்டுக்குக் காட்டுப் பாதைகளே இருந்தன. 1817–18 கிளர்ச்சியை அடக்கப் பட்ட பாடு, படைகளை விரைந்து நகர்த்தும் வழி வேண்டும் என்பதை ஆட்சியாளருக்கு உணர்த்தியது. ஆகவே இவ்வீதி முதலில் ஓர் இராணுவப் பாதை. கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு அது பயன்பட்டது பின்னரே.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், பொறியியல் படைப்பிரிவின் கப்டன் டோசன் பணிகளை வழிநடத்தினார். பேலியகொடை, கடவத்தை, நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை, மாவனெல்லை வழியாகச் செல்லும் வீதியின் மிகக் கடினமான பகுதி கடுகண்ணாவைக் கணவாய் ஆகும். அங்கே செங்குத்தான சரிவை வளைந்து வளைந்து ஏறும் பாதைக்காகப் பாறையொன்றைக் குடைந்தே வழி அமைத்தார்கள். அந்தக் குகைவழி இன்றும் உள்ளது. பிறகு பேராதனையில் மகாவலியைக் கடந்து கண்டியை அடையலாம். பேராதனையில் ஆற்றின் மேல் 1830களில் முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் கட்டப்பட்டிருந்தது.

1829இல் இறந்த டோசனுக்குக் கடுகண்ணாவையில் உயரமான நினைவுக் கோபுரம் எழுப்பப்பட்டது. ஆனால் இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு முறையில் ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்டு, கல்லுடைத்து மண் சுமந்த சிங்களக் குடியானவர்களையும் இவ்வீதியின் வரலாற்றில் முதன்மையாகவே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. 1867இல் கண்டிக்குத் தொடருந்து வந்தபின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி அதற்கு மாறியது. ஆயினும் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் ஏ1 நெடுஞ்சாலை இன்றும் பெரும்பாலும் அதே தடத்திலேயே செல்கிறது.