ஒரு கண்ணி மட்டும் நிமிராத செயின்

வணக்கம். மழைக்காலம் முழுவதும் வெளியில் நின்ற உங்கள் 150 சிசி வண்டியில், பின்சக்கரத்தின் ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரத்தைக் கடந்து வரும் ஒரு கண்ணி மட்டும் நிமிராமல் மடங்கியே வருவதாகவும், செயினை இறுக்கினால் போதும் என்று மெக்கானிக் கூறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இறுக்க வேண்டாம். கண்ணியின் பிடிப்பு அதனால் போகாது. கியர்பாக்ஸ் பேரிங்குக்குத்தான் வீண் சுமை.

முதலில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி, அந்தக் கண்ணியைச் சாக்பீஸால் குறியிடுங்கள். அதன் தகடுகளுக்கு இடையே கறுப்பு ரப்பர் வளையம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வளையமே இல்லாத சாதாரணச் செயின் என்றால், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கண்ணியை மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் பலமுறை அசைத்து, துருநீர் வடிந்து தெளிந்தபின் 90 கிரேடு கியர் ஆயில் இடுங்கள், பெரும்பாலும் இளகிவிடும். ஆனால் ரப்பர் வளையமுள்ள ஓ-ரிங் செயினில் அந்த ஒரு கண்ணியின் வளையம் மட்டும் அறுந்திருந்தால், தொழிற்சாலையில் உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறி, கண்ணியை இணைக்கும் பின் என்ற உருளைக் கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழலுக்கும் இடையே துரு ஏறியிருக்கும். அதை இளக்கினாலும் சில நாளில் மீண்டும் இறுகும் என்பதால், இரண்டு ஸ்பிராக்கெட்டுகளோடு செட்டாக மாற்றுவதே என் உறுதியான பரிந்துரை. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் மற்ற வளையங்களையும் கெடுக்கும், அவற்றைத் தவிருங்கள்.