விராலுக்கு ஃபிஷ் ஃபைண்டர் தேவையா?

கேள்வி: அமெரிக்க பாஸ் மீன் போட்டிகளை வீடியோவில் விடாமல் பார்க்கிறேன். அவர்களைப் போல ஃபிஷ் ஃபைண்டர் வாங்கினால் நம் ஏரிகளில் விரால் பிடிக்க உதவுமா?
– ஒரு வாசகர், ஆவடி

பதில்: அந்தப் பணத்தை நல்ல ராடு, ரீலில் போடுங்கள். ஃபிஷ் ஃபைண்டர் ஒலி அலையை நீருக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. அலை கூம்பு போல விரியும். 20 டிகிரி கூம்பு என்றால், 6 அடி ஆழத்தில் சுமார் 2 அடி அகலம்தான் தெரியும். செடி மண்டிய கரையோரத்தில் அதுவும் குழம்பிவிடும். 1971-இல் முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் பாஸ் மீன் போட்டி நடந்த அமெரிக்காவின் லேக் மீட் போன்ற ஆழமான நீர்த்தேக்கத்துக்குத்தான் அது பொருந்தும்.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மூச்செடுக்க மேலே வந்தே ஆகவேண்டும். காலையில் ஆகாயத்தாமரை ஓரமாக நின்று நீர் எங்கே சுழிக்கிறது என்று பாருங்கள். அதற்குச் சற்றுத் தள்ளி ரப்பர் தவளையை வீசி, மெதுவாக இழுங்கள். தூண்டில் நூலாகத் தங்கூஸ் நரம்பு (நைலான்) போட்டால் அது நீண்டு கொடுக்கும், தூண்டில் முள் சரியாகக் குத்தாது. பின்னல் நூல்தான் செடியையும் அறுத்துக்கொண்டு வரும். கடித்ததும் வெட்டி இழுக்காதீர்கள், தவளை வாய்க்குள் போகட்டும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அப்புறம், எந்த ஏரியானாலும் அனுமதி கேட்டுவிட்டே இறங்குங்கள்.